பானெட்டுப் பல்லி

டக்.

அப்பா காலமான வருஷம், கத்தரிக்காய் மூட்டை ஏற்றிவிட்டுப் புறப்பட நின்ற ஒரு காலையில்தான் நல்லசிவம் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டான். பெரியண்ணன் ஏகாம்பரம் பிக்கப் வண்டியின் சாவியைத் திருகினார். இஞ்சின் உறுமவில்லை. பானெட்டுக்குள் எங்கேயோ யாரோ விரலைச் சொடுக்கியதுபோல ஒரு டக். அவ்வளவுதான். அதன்பிறகு கொல்லையில் கோழி மண்ணைக் கிளறுவதுகூடக் காதில் விழும்படி ஓர் அமைதி.

ஏகாம்பரம் சாவியிலிருந்து கையை எடுத்தார். "பல்லி" என்றார்.

நடுவில் உட்கார்ந்திருந்த சின்னண்ணன் சிற்றம்பலம் தலையை ஆட்டினார். "நல்ல வளந்த பல்லிண்ணே. குரல்லயே தெரியுது."

வீட்டுச் சுவரில் பல்லி சொன்னால் என்ன செய்வோம்? தரையை விரலால் தட்டுவோம். ஏகாம்பரம் இறங்கிப் போய், "சொல்லு சாமி, சொல்லு" என்று பானெட்டின்மேல் முட்டியால் நாலு இடி இடித்தார். அவர் முட்டி சாதாரண முட்டி அல்ல. திரும்ப வந்து சாவியைத் திருகினார். வண்டி கிளம்பிவிட்டது.

வண்டிக்குள் ரிலே என்று தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் உண்டு. சாவியைத் திருகினால் அதற்குள் ஒரு சின்னத் தகடு டக்கென்று ஒட்டும், ஒட்டினால் இஞ்சினுக்குக் கரண்டு போகும், தகடு கருகிப்போனால் சத்தம் மட்டும் வரும், ஓங்கித் தட்டினால் சில சமயம் வழிக்கு வரும். விஷயம் தெரிந்தவர்கள் இப்படிச் சொல்வார்கள். ஆனைக்குழியில் விஷயம் தெரிந்தவர்கள் யாரும் தங்கியதில்லை. அந்த ஊரில் அறிவுக்குப் பஞ்சம் என்று சொல்வதும் நியாயமில்லை. பஞ்சம் என்றால் முன்னே எப்போதாவது இருந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வண்டியைக் கேட்காமல் ஒரு காரியம் நடக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருகுவார்கள். டக் என்றால் சொன்னது சத்தியம். பிறகு பானெட்டைத் தட்டிவிட்டுப் புறப்பட வேண்டியது. பல்லி எந்தத் திசையிலிருந்து சொல்கிறது என்பதற்கும் பலன் உண்டு என்று சிற்றம்பலம் பஞ்சாங்கத்தில் கண்டுபிடித்தார். வடக்கே சொன்னால் நல்ல சேதி, தெற்கே சொன்னால் கலகம். ஆகையால் வண்டியின் மூக்கு எப்போதும் வடக்கே பார்த்து நிற்கும்படி ராத்திரியே தள்ளி நிறுத்திவிடுவார்கள். சந்தை இருந்தது தெற்கே. தினமும் காலையில் மூட்டைகளோடு வடக்கே கிளம்பி, பக்கத்து ஊரைச் சுற்றிக்கொண்டு தெற்கே போவார்கள். கத்தரிக்காய் வாடித்தான் போய்ச் சேரும். ஆனால் கலகம் எதுவும் நடக்கவில்லை.

இதில் அடிபட்டவன் நல்லசிவம். அவனுக்கு வந்த வரன்களையெல்லாம் வண்டி தட்டிக்கழித்தது. ஏகாம்பரம் சாவியைத் திருகும்போதெல்லாம், "இந்த எடம் நமக்குச் சரிப்படுமான்னு தெரியலையே" என்று முனகிக்கொண்டே திருகுவார். டக். பல்லியே சொல்லிவிட்டது, சரிப்படாது. "நல்ல எடம்தான்" என்று அவர் ஒருநாளாவது முனகியிருந்தால் அவனுக்கு இந்நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும். காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. ராத்திரிகளில் அவன் வடக்கே பார்த்து நின்ற வண்டியைப் பார்த்தபடி படுத்திருப்பான். அது அவனைவிட நிம்மதியாகத் தூங்குவதாகப்படும்.

கடைசியாக வந்தது பொன்னுரங்கத்தின் மகள் பூங்கோதை. அரிசி ஆலைக்காரர் பெண். போட்டோவில் கேமராவைப் பார்க்காமல், கேமராவுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே என்ன இருந்திருக்கும் என்று யோசித்தே நல்லசிவம் பல நாள் தூக்கத்தைத் தொலைத்தான். பொன்னுரங்கம் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்:

"வெள்ளிக்கிழம காலையில பதினோரு மணிக்குள்ள வந்து தாம்பூலத்த மாத்திக்குங்க. மத்தியானம் வேற எடத்துக்காரங்க வர்றாங்க. அவங்க வந்துட்டா நான் பொறுப்பில்ல."

வெள்ளிக்கிழமை விடிந்தது. பட்டு வேட்டி, தாம்பூலத் தட்டு, வெற்றிலை, பாக்கு, பூ. அண்ணன் முனகிவிடக் கூடாதே என்று நல்லசிவம் அவர் வாயில் ஒரு முழு வாழைப்பழத்தைக் கொடுத்து உட்காரவைத்தான். ஏகாம்பரம் பழத்தோடு சாவியைத் திருகினார்.

டக்டக்டக்டக்டக்டக்.

மூவரும் உறைந்துபோனார்கள். இடித்தார்கள். டக்டக்டக். மறுபடி இடித்தார்கள். பானெட் நசுங்கியதே தவிர வண்டி கிளம்பவில்லை. லேசாகத் தீய்ந்த வாடை வேறு.

"பல்லி ஏதோ அவசரமா சொல்லுது" என்றார் சிற்றம்பலம், பஞ்சாங்கத்தைப் புரட்டியபடி. "இவ்வளவு வேகமாச் சொன்னா என்ன பலன்னு இதுல போடல."

ஏகாம்பரம் பழத்தை விழுங்கினார். "அது வாய் விட்டுக் கதறுதுடா. போகாதீங்கடான்னு கதறுது."

அன்றைக்குத்தான் நல்லசிவம் வாழ்க்கையில் முதல்தடவையாக அண்ணனைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தான். டவுனில் பட்டறை வைத்திருக்கும் யாசீன் பாய்க்கு போன் போட்டான். பாய் விவரத்தைக் கேட்டார். பல்லி என்ற சொல் வந்த இடத்தில் மறுபடி ஒருதரம் சொல்லச் சொன்னார்.

"தம்பி, அது ரிலே. நான் சொல்றத மட்டும் செய்யுங்க. சொந்தமா எதுவும் செஞ்சிராதீங்க. போனைப் பெரியவர்கிட்டக் குடு."

கொடுத்தான்.

"அண்ணே, சாவியத் திருப்புங்க. என்ன ஆகுதுன்னு சொல்லுங்க."

ஏகாம்பரம் சாவியை உருவி, உள்ளங்கையில் வைத்து, பயபக்தியோடு திருப்பினார். உற்றுப் பார்த்தார்.

"திருப்பிட்டேன் பாய். பின்பக்கமும் சாவி மாதிரியேதான் இருக்கு."

பாய் மூச்சு விடும் சத்தம் போனில் கேட்டது. "சரி, அது வேணாம். பானெட்டத் தொறங்க. எடது பக்கம் ஒரு பொட்டி இருக்கும். அதுல கறுப்பா, சதுரமா சின்னச் சின்னதா இருக்கும். ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாருங்க. எது சுடுது?"

சிற்றம்பலம் தொட்டார். ஒன்றைத் தொட்டதும் கையை உதறினார். "ஆத்தாடி! இதுக்கு நல்ல காச்சல்!"

"அதான் ஆளு" என்றார் பாய். "சூடு கொஞ்சம் ஆறட்டும். ஆறினதும் கூப்புடுங்க."

சூடு ஆற என்ன செய்ய வேண்டும் என்பதில் அண்ணன் தம்பிகளுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. துணியை நனைத்து ரிலேயின் நெற்றியில் போட்டார்கள். நெற்றி எது என்பதில் மட்டும் சிறு விவாதம் நடந்தது. ஏகாம்பரம் விபூதி பூசினார். சிற்றம்பலம் விசிறினார். நல்லசிவம் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதரை.

"கஷாயம் வைக்கலாமா?" என்றார் ஏகாம்பரம்.

"வாய் எங்கண்ணே இருக்கு?"

"வாயில்லாமயா இத்தன வருஷம் பேசுச்சு?"

நல்லசிவம் போனைப் பிடுங்கி மறுபடி பாயைக் கூப்பிட்டான்.

"தம்பி, நல்லாக் கேளு. அது பக்கத்துலயே அச்சு அசலா அதே மாதிரி இன்னொண்ணு இருக்கும். அது ஹாரனுக்கு உண்டான ரிலே. ரெண்டையும் புடுங்கி எடம் மாத்திச் சொருகுங்க. வண்டி கெளம்பிருச்சுன்னா கோளாறு ரிலேல. கெளம்பலைன்னா வயர்ல. அவ்வளவுதான்."

பிடுங்கினார்கள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன. எது எது என்று மறக்காமலிருக்க ஏகாம்பரம் ஒன்றை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் பிடித்துக்கொண்டார். பிறகு சொருகுவதற்கு வசதியாக இரண்டையும் ஒரே கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இப்ப எது காச்சல்காரன்?"

"ஈரமா இருக்கறது."

"நெத்தியத் தொடச்சுட்டேனே."

நல்லசிவம் இரண்டையும் மோந்து பார்த்தான். தீய்ந்த வாடை அடித்ததை ஹாரனுக்குக் கொடுத்தான். மற்றதை இஞ்சினுக்குக் கொடுத்தான். தானே ஏறிச் சாவியைத் திருகினான். ஒரே திருகு. தட்டவில்லை, இடிக்கவில்லை. வண்டி பூனைபோல் கிளம்பியது.

அந்தச் சந்தோஷத்தில் அவன் ஹாரனை அமுக்கினான். ஹாரன் அடிக்கவில்லை.

டக்.

"பாத்தியா" என்றார் ஏகாம்பரம், குரல் தழுதழுக்க. "எடம் மாத்தி வச்சாலும் நம்மள விட்டுப் போகல."

பாய் போனில் சொன்னார்: "ரிலேதான் போயிருக்கு. நல்ல நேரம், வயர் இல்ல. நீங்க போற வழிதானே என் பட்டறை? வாங்க, புதுசு போட்டுடறேன். அதுவரைக்கும் ஹாரன் கெடையாது. பாத்து மெதுவா வாங்க."

பார்த்தார்கள். மெதுவாக வந்தார்கள். ஒரு மாட்டு வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. ஹாரன் இல்லாத குறை தெரியக் கூடாது என்று சிற்றம்பலம் பின்னால் நின்றுகொண்டு, "பாம்! பாம்! பாம்!" என்று கத்திக்கொண்டே வந்தார். எதிரில் யாரும் இல்லாதபோதும் கத்தினார். அவர் கடமை தவறாதவர்.

முன்னால் ஏகாம்பரம் ஓட்டினார், பக்கத்தில் நல்லசிவம் தட்டை மடியில் வைத்திருந்தான். வாழைப்பழம் தீர்ந்துபோயிருந்தது.

"ஏண்டா தம்பி" என்றார் ஏகாம்பரம், "அந்தப் பொண்ணு ஒன்ன வேணாம்னு சொல்லிட்டா?"

குறுக்கே ஓர் ஆடு வந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை ஹாரனுக்குப் போனது.

டக்.

வண்டி நின்றது. பின்னால் பாம் பாமும் நின்றது. ஆடு அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்று போய்விட்டது.

"சொல்லிருச்சுடா" என்றார் ஏகாம்பரம். "வண்டியத் திருப்ப வேண்டியதுதான்."

நல்லசிவம் தாம்பூலத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போட்டோவில் கேமராவுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்த முகம் கண்முன் வந்தது. "அது கேள்விண்ணே!" என்று கத்தினான். "நீங்க கேள்வில்ல கேட்டீங்க? கேள்விக்குப் பல்லி சொன்னா அது கணக்குல வராது!"

சிற்றம்பலம் பஞ்சாங்கத்தோடு இறங்கி வந்தார். நடுரோட்டில் ஆலோசனை நடந்தது. கேள்விக்குப் பல்லி சொல்லுமா, சொல்லாதா என்று பஞ்சாங்கம் எங்கேயும் தெளிவாக எழுதவில்லை. இவ்வளவு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டார்களே என்று சிற்றம்பலம் வருத்தப்பட்டார்.

"சோதிச்சுப் பாத்துருவோம்" என்றார் ஏகாம்பரம். நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கப்பா பேரு வைத்தியலிங்கம்."

ஹாரனை அமுக்கினார். டக்.

"சரியாச் சொல்லுது. இப்பக் கேள்வி. எங்கப்பா பேரு சங்கரமூர்த்தியா?"

அமுக்கினார். டக்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயலில் எங்கோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு இன்னொரு பேரு இருந்திருக்கு" என்றார் சிற்றம்பலம் மெல்ல.

"நம்மகிட்ட மறைச்சிருக்காரு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா அந்த மனுஷி சும்மா விட்டிருக்குமா?"

ஏகாம்பரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செத்துப்போன தகப்பனை முழுசாகத் தெரிந்துகொள்ளவில்லையே என்ற துக்கம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் எல்லாரும் அதற்காகத் தாம்பூலத் தட்டோடு நடுரோட்டில் நிற்பதில்லை. மணி பத்தே கால். நல்லசிவம் தகப்பனாரின் ரகசியத்தைத் திரும்பி வந்து விசாரித்துக்கொள்ளலாம் என்று கையெடுத்துக் கும்பிட்டு, அண்ணன்களை வண்டியில் ஏற்றினான்.

பட்டறையில் யாசீன் பாய் ஏற்கெனவே புது ரிலேயோடு வாசலில் நின்றார். அவர் மாதிரி மனுஷர்களுக்குச் சில ஆட்கள் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று இருக்கும். பழையதைப் பிடுங்கினார், புதியதைச் சொருகினார், ஹாரனை அமுக்கினார். வண்டி ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. டக் இல்லை. இருந்தாலும் அந்த அலறலில் யாருக்குக் கேட்கும்.

அத்தோடு நின்றிருந்தால் அவர் பிழைத்திருப்பார். விளக்கிச் சொல்லலாம் என்று நினைத்துவிட்டார். பழைய ரிலேயின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார்.

"இங்க பாருங்கண்ணே. இந்தா, நாக்கு மாதிரி இருக்கு பாருங்க, இந்தத் தகடுதான் போய் ஒட்டணும். கருகிப்போச்சு. அதான் சத்தம் மட்டும் வருது. சூடும் அதனாலதான்."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். கறுத்த சிறு நாக்கு. சுருண்டு கிடந்த செம்புக் கம்பி.

"வாலச் சுருட்டிக்கிட்டுக் கெடக்கு" என்றார் சிற்றம்பலம்.

"உசுரு போயி எவ்வளவு நேரம் ஆயிருக்கும் பாய்?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"இதுவா? இது போயிப் பல வருஷம் ஆச்சுண்ணே."

"செத்தும் நமக்காகப் பேசியிருக்கு!" ஏகாம்பரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "காச்சலோட கெடந்தத எடம் மாத்திப் போட்டு, விடாம ஹாரன அமுக்கி, நாமதான்டா கொன்னுட்டோம். பல்லியக் கொன்ன பாவம்!"

"ஒரு நிமிஷத்துக்கு முன்னாடிதானே அண்ணே, பல வருஷம் முன்னாடியே செத்துச்சுன்னு சொன்னேன்?" என்றார் பாய், அறிவாளிகளுக்கே உரிய அசட்டுத்தனத்தோடு.

"அப்பவும் நாமதான கொன்னிருப்போம்?" என்றார் ஏகாம்பரம். பாய் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

பல்லியைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாகக் காஞ்சிபுரம் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட வேண்டும். அது பிறகு. ஆனால் வண்டியில் சாவு விழுந்திருக்கிறது. தீட்டோடு நல்ல காரியத்துக்குப் போகலாமா? கூடாது. வழியில் ஒரு பம்புசெட்டைக் கண்டதும் ஏகாம்பரம் வண்டியை ஓரம்கட்டினார். நல்லசிவம் காலில் விழுந்தான். காலில் விழுந்தவனையும் சேர்த்துத் தொட்டிக்குள் இறக்கினார்கள். பட்டு வேட்டியோடு மூவரும் முங்கி எழுந்தார்கள்.

பதினொன்று அடிக்கக் கொஞ்சம் இருந்தபோது பொன்னுரங்கத்தின் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதிலிருந்து நீர் சொட்டச் சொட்ட மூன்று பேர் இறங்கினார்கள். மூத்தவர் கையில் தாம்பூலத் தட்டு. அதில் பூவுக்கும் பாக்குக்கும் நடுவில், வெற்றிலையில் சுற்றி விபூதி பூசிய ஒரு சின்னக் கறுப்புச் சதுரம்.

"வெளிய மழையா?" என்றார் பொன்னுரங்கம், வெயிலைப் பார்த்துக்கொண்டே.

"துக்கம்" என்றார் ஏகாம்பரம்.

உட்காரவைத்தார்கள். விரித்திருந்த கோரைப்பாய் நனைந்தது. பலகாரம் வந்தது. நல்லசிவம் தலை நிமிரவில்லை; மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையற்கட்டு நிலைப்படியில் ஒரு பச்சைச் சேலையின் ஓரம் தெரிந்தது. அதற்குமேல் பார்க்கத் தைரியமில்லை.

"அப்ப, தாம்பூலத்த மாத்திக்கலாமா?" என்றார் பொன்னுரங்கம்.

"ஒரு சின்ன விஷயம்" என்றார் ஏகாம்பரம். "எங்க பரம்பரையில பல்லி சொல்லாம ஒரு காரியமும் செய்யறதில்ல. எங்களது காலமாயிருச்சு. ஒங்க வீட்டுப் பல்லி சொல்லட்டும். சொன்னதும் மாத்திக்கலாம்."

பொன்னுரங்கம் சுவரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று முந்தாநாள்தான் வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தார். ஒரு பல்லி இல்லை, ஒரு பூச்சி இல்லை. சுவர் பால்போல் வெறுமையாக இருந்தது.

காத்திருந்தார்கள். தெருமுனையில் ஒரு காரின் ஹாரன் கேட்டது. மத்தியான எடத்துக்காரர்கள் மத்தியானத்துக்கு முன்பே வந்துகொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் சுவரைப் பார்த்தார். சிற்றம்பலம் பஞ்சாங்கத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டான். இனிமேல் வடக்கே பார்த்த வண்டிதான், வாடின கத்தரிக்காய்தான், ஆயுசுக்கும்.

டக்.

நல்ல கனமான, ஈரமான, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு டக். சமையற்கட்டுப் பக்கமிருந்து.

"வடக்கு!" என்று கத்தினார் சிற்றம்பலம்.

மூவரும் தரையைத் தட்டினார்கள். பொன்னுரங்கமும் தட்டினார். கார் வாசலுக்கு வந்து நின்றபோது தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. ரிலேயும் அந்தத் தட்டோடு கைமாறி, பிறகு மரியாதையோடு திருப்பி வாங்கப்பட்டது.

நல்லசிவத்துக்கும் பூங்கோதைக்கும் தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு நிலைப்படியிலிருந்து நாக்கால் சொடுக்கியது அவள்தான் என்று நல்லசிவம் திடமாக நம்பினான். தன்னைப் பார்த்த மாத்திரத்தில் இரங்கி, சமயத்தில் கைகொடுத்த புத்திசாலிப் பெண் என்று மனசுக்குள் வைத்துக் கும்பிட்டான். கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. பெண் பிள்ளை பிறந்து அது நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"நானா?" என்றாள் பூங்கோதை. "நான் எதுக்குச் சொடுக்கறேன்? அன்னிக்குச் செஞ்ச மைசூர்பாகு பாகு முத்திப்போச்சு. பதம் பாக்கலாம்னு ஒண்ண வாயில போட்டேன், மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. நாக்கால நெம்பி எடுத்தேன். சத்தம் வந்துச்சு. நீங்கல்லாம் எதுக்குத் தரையைத் தட்டினீங்கன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

நல்லசிவம் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு எழுந்து போய், வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு துண்டு மைசூர்பாகை வைத்துக் கும்பிட்டான். அது இன்றும் அங்கே இருக்கிறது. எறும்புகூடக் கடிக்க முடியவில்லை.

வண்டி அதன்பிறகு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. திருகினால் கிளம்புகிறது. ஒன்றும் பேசுவதில்லை என்பதால் ஆனைக்குழியில் யாரும் அதை நம்புவதுமில்லை.

ஏகாம்பரம் கல்யாணம் முடிந்த கையோடு ரிலேயை மடியில் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போனார். தங்கப் பல்லியைத் தொட்டுப் பரிகாரம் முடித்தார். ஊருக்குப் புறப்படும் முன்பு, "போயிட்டு வரட்டுமா சாமி?" என்று அதனிடம் முறைப்படி கேட்டார். அது தங்கத்தால் செய்தது என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்றில்லை, பலர் சொன்னார்கள். வாரா வாரம் தம்பிக்கு போன் செய்து, "இன்னும் சொல்லலப்பா" என்பார். இப்போது அங்கேயே கோயில் தெருவில் வாழைப்பழக் கடை வைத்திருக்கிறார்.